கன்றிப்போன கையும் கனடாக் குளிசையும்

கேள்வி: என் அக்காவுக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மஹரகமவில் கீமோ ஏற்றுகிறோம், மூன்று முறை முடிந்துவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா ஆள்மூலம் ஒரு பெரிய போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறார். எஸ்.ஓ.டி., குளூட்டாதயோன், விட்டமின் ஈ எல்லாம் சேர்ந்ததாம். ‘கலங்களின் ஸ்ட்ரெஸ்ஸைத் தணிக்கும் நொதியங்களுக்கு உரமூட்டும்’ என்று போட்டிருக்கிறது. நான் இணையத்தில் தேடினால், அதே நொதியங்கள்தான் புற்றுநோயை வளர்க்கின்றன என்று வருகிறது. எதை நம்புவது? அத்தானோ, அக்கா கண்டதற்கெல்லாம் யோசித்து யோசித்துத்தான் இந்த வருத்தத்தைத் தேடிக்கொண்டாள் என்கிறார். போன கிழமை எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எச். 390 என்று வந்து, பக்கத்தில் கூடுதல் என்று அடையாளமும் இருந்தது. மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: போத்தலைத் திறக்க வேண்டாம். சுருக்கமான பதில் அவ்வளவுதான். போத்தலில் எழுதியிருப்பதை நம்புவதா, நீங்கள் வாசித்ததை நம்புவதா என்று கேட்டால், அந்த நொதியங்கள் நம்மைக் காப்பதும் உண்மை, புற்றுநோய்க்கு உதவுவதும் உண்மை. அதனால்தான் திறக்க வேண்டாம் என்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அண்ணாவுக்கு நீங்கள் விளக்கலாம்.

அத்தானின் பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். போத்தலில் இருக்கும் ‘ஸ்ட்ரெஸ்’ வேறு, அக்காவின் யோசனை வேறு. ஒரு கலத்துக்கு ஸ்ட்ரெஸ் என்றால் சூடு, நஞ்சு, கதிர்வீச்சு, ஒட்சிசன் தட்டுப்பாடு, இல்லாவிட்டால் ஒட்சிசனின் கடுமையான வடிவங்கள் மிஞ்சிப்போவது. கலத்துக்கு மாமியாரும் கிடையாது, பிள்ளையின் ஓ.எல். பரீட்சையும் கிடையாது. இந்தத் துறையின் தொடக்கமே ஒரு சூட்டுக் கதைதான். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட்டார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஈயின் நிறமூர்த்தங்களில் வழக்கமாக இல்லாத இடங்களில் வீக்கம். சூடு பட்டதும் கலம் சில மரபணுக்களை அவசரமாகத் திறந்துவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1962இல் அதை எழுதினார், அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மன அழுத்தத்தைப் பற்றித் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 116,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வேலையழுத்தத்துக்கும் மார்பகம், குடல், நுரையீரல், புரொஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. எலிகளில் அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் கட்டி பரவுவதற்கு உதவுவதைக் கண்டிருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து ‘யோசித்ததால் வந்தது’ என்ற தீர்ப்புக்கு வர வழியே இல்லை. அத்தானுக்குப் பயம். பயம் வந்த ஆம்பிளைகள் பலர் இப்படித்தான் பேசுவார்கள். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிடுங்கள்.

இனி நொதியங்களுக்கு வருவோம். அக்காவின் கையை இன்றைக்கு ஒருமுறை பாருங்கள். கனுலா குத்திய இடம் கன்றியிருக்கும். முதல் இரண்டு நாள் நாவற்பழ நிறம். நாலைந்து நாளில் ஓரத்தில் ஒரு பச்சை படரும். பிறகு மஞ்சளாகி மங்கி மறையும். அந்தப் பச்சை ஒரு நொதியத்தின் கைவேலை. ஹீம் ஒக்சிஜனேஸ் என்று பெயர். தோலுக்கு அடியில் கசிந்த இரத்தத்தில் சிவப்பு நிறம் தருகிற ஹீமை அது உடைக்கிறது. உடைத்தால் மூன்று பொருள் மிஞ்சும்: பிலிவேர்டின் என்ற பச்சைப் பொருள், சிறிதளவு இரும்பு, சிறிதளவு காபனோரொட்சைட்டு. ஆம், பஸ் புகையில் வருகிற அதே வாயுதான், மிக நுண்ணிய அளவில். பச்சைப் பொருளைப் பிறகு இன்னொரு நொதியம் மஞ்சள் பிலிருபினாக மாற்றுகிறது. கட்டுப்பாடில்லாமல் அலையும் ஹீம் கலத்துக்கு நஞ்சு. அதை அகற்றுவதற்கு நெருக்கடி நேரத்தில் கூடுதலாக உற்பத்தியாவது இந்த நொதியத்தின் முதலாம் வகை. அக்காவின் கையில் அது செய்வது முழுக்க நல்ல வேலை.

இதே குடும்பத்தில் இன்னும் பலர் உண்டு. போத்தலில் இருக்கும் எஸ்.ஓ.டி. 1969இல் அமெரிக்காவில் மக்கோட், பிரிடோவிச் என்ற இருவர் கண்டுபிடித்தது. ஒட்சிசனின் கோபம்கொண்ட ஒரு வடிவத்தைப் பிடித்து ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றும். அந்தப் பேரொட்சைட்டைக் கற்றலேசு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஈரல் துண்டைப் பேரொட்சைட்டுக்குள் போட்டதும் புசுபுசுவென்று நுரைத்ததே, அதுதான்.

இவர்களில் பலரை வேலைக்குக் கூப்பிடும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார்: என்.ஆர்.எஃப். 2 என்ற புரதம். அவரை அடக்கி வைக்கும் புரதம் கீப் 1. உங்கள் ஒழுங்கை கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் ரயில் கேற் இருக்குமே, அதுபோல என்று வையுங்கள். சாதாரண நாளில் கேற் பூட்டு. என்.ஆர்.எஃப். 2 கலத்தில் பிறந்து சுமார் இருபது நிமிடத்துக்குள் அழிக்கப்பட்டுவிடும். நஞ்சோ புகையோ வந்தால் கீப் 1 பிடியை விட, என்.ஆர்.எஃப். 2 கலத்தின் கருவுக்குள் ஓடி, ஹீம் ஒக்சிஜனேஸ், குளூட்டாதயோனை உருவாக்கும் நொதியம் என்று ஒரு பட்டாளத்தையே எழுப்பும். ஆபத்து தீர்ந்ததும் கேற் மறுபடி மூடும்.

புற்றுநோய் தொடங்குமுன் இந்தப் பட்டாளம் நம் பக்கம். என்.ஆர்.எஃப். 2 இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் புகையில் உள்ள பென்சோபைரீனைக் கொடுத்தபோது, மற்ற எலிகளைவிடக் கூடுதலாக வயிற்றில் கட்டிகள் வந்தன. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் வெற்றிலைத் தட்டைப் பாருங்கள். பாக்கும் சுண்ணாம்பும் வாயில் சேரும்போது கடுமையான ஒட்சிசன் வடிவங்கள் பிறக்கின்றன. வாயின் கலங்கள் ஒவ்வொரு நாளும் இந்த நொதியங்களை வைத்துத்தான் சமாளிக்கின்றன. பல வருடம் சமாளித்து ஒரு நாள் தோற்கின்றன. பாக்கைப் புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கையில் வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருப்பதற்கு அந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, இது வேறு கதை.

கட்டி உருவான பிறகு நிலைமை தலைகீழ். புற்றுக் கலம் வேகமாகப் பெருகுகிறது, இரத்தக் குழாய் சரியாக எட்டாத இடத்தில் நெருக்கியடித்து வாழ்கிறது. அதன் உள்ளே எப்போதும் நெருக்கடி. நியாயப்படி அது செத்துப்போக வேண்டும். சாகாமல் இருக்க அது புதிதாக ஒரு ஆயுதமும் கண்டுபிடிப்பதில்லை, நம் பட்டாளத்தையே தன் வாசலில் காவலுக்கு நிறுத்திக்கொள்கிறது. நுரையீரல் புற்றுநோய்கள் கணிசமானவற்றில் கீப் 1 மரபணுவே பழுதாகியிருக்கிறது. கேற் உடைந்து இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. காவல்காரர்கள் அதே ஆட்கள்தான், யாருக்குக் காவல் என்று அவர்களுக்குத் தெரியாது.

பரவும் கட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதக்கும் கலங்கள் பெரும்பாலும் வழியிலேயே இறந்துபோகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயை வைத்த எலிகளில் செய்து 2015இல் வந்த ஆய்வு, அந்த இறப்புக்கு ஒட்சிசன் நெருக்கடி ஒரு முக்கிய காரணம் என்று காட்டியது. அதாவது நம் உடம்பே கட்டியின் தூதர்களை ஒட்சியேற்றிக் கொல்கிறது. அந்த நேரத்தில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளை (போத்தலில் உள்ள குளூட்டாதயோனும் விட்டமின் ஈயும் இந்த வகைதான்) கொடுத்தபோது அந்த எலிகளில் நோய் கூடுதலாகப் பரவியது. 2019இல் சுவீடனிலும் நியூயோர்க்கிலும் இரண்டு குழுக்கள் நுரையீரல் புற்றுநோயில் இதன் உள்வேலையைக் கண்டுபிடித்தன. ஹீம் குறைந்தால் பாக் 1 என்ற புரதம் அழியாமல் நிலைத்துநின்று, கலத்தை வேறிடத்துக்குப் பரவத் தூண்டுகிறது. ஹீமைக் குறைப்பவர் யார்? அக்காவின் கையில் பச்சை பூசிய அதே ஹீம் ஒக்சிஜனேஸ். சுவீடன் குழு எலிகளுக்கு விட்டமின் ஈயையும், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் இன்னொரு மருந்தான என்-அசற்றைல் சிஸ்ரீனையும் கொடுத்தபோதும் பாக் 1 இதேபோல நிலைத்தது.

இவை எலியும் நுரையீரலும், அக்காவுக்கு மார்பகம் என்று நீங்கள் நிறுத்தலாம். நிறுத்தவும் வேண்டும். அதனால் மனிதருக்கு வருகிறேன், என் சொந்தப் பிழையிலிருந்து தொடங்குகிறேன். 1990களின் தொடக்கத்தில் நான் இளம் வைத்தியன். கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், கடும் புகைப்பழக்கம், ‘விட்டமின் ஏதாவது எடுக்கலாமா டொக்டர்’ என்று கேட்டார். கரட்டில் இருக்கும் சத்துத்தானே என்று பீற்றா கரோட்டின் குளிசையை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ‘நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது செய்யாது’ என்றும் சொன்னேன். அந்த வசனம் இன்னும் காதில் கேட்கிறது. 1994இல் பின்லாந்து ஆய்வு வந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களைப் பல வருடம் பார்த்திருந்தார்கள். பீற்றா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதல். குறையும் என்று நம்பித்தான் ஆய்வைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இதேபோல நடந்த இன்னொரு ஆய்வை 1996இல் இடையிலேயே நிறுத்தினார்கள், அதில் 28 வீதம் கூடுதல். தையற்கடைக்காரரைத் தேடிப்போய்க் குளிசையை நிறுத்தச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘அப்போ சிகரெட்டை மட்டும் தொடரவா’ என்று கேட்டார்.

மார்பகப் புற்றுநோய்க்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு 2020இல் வந்தது. அமெரிக்காவில் கீமோ எடுத்த 1,134 பேரிடம் என்னென்ன குளிசை எடுத்தீர்கள் என்று கேட்டு, பிறகு தொடர்ந்து கவனித்தார்கள். விட்டமின் ஏ, சி, ஈ போன்றவற்றைக் கீமோவுக்கு முன்னும் கீமோ நடக்கும்போதும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 40 வீதம் கூடுதலாகத் தென்பட்டது. அந்தக் கணக்கு ஐயத்துக்கு இடமில்லாத எல்லையை மட்டுமட்டாகத் தொடவில்லை. குளிசைதான் காரணம் என்று அந்த வகை ஆய்வால் நிறுவவும் முடியாது. ஆனால் ‘நன்மை செய்யலாம்’ என்ற பக்கம் சாய அதில் எதுவும் இல்லை. எனக்கு அது போதும். சாதாரண மல்ரி விட்டமினுக்கு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை ஏற்கெனவே எடுத்திருந்தால் பதற வேண்டாம்.

கீமோ மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சிவப்பு நிற மருந்து ஏற்றுகிறார்களா? ஏற்றிய அன்று சிறுநீர் சிவந்து போகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் டொக்சொரூபிசின். கூடவே பெரும்பாலும் சைக்ளோபொஸ்பமைட் இருக்கும். சிவப்பு மருந்து முக்கியமாகப் புற்றுக் கலத்தின் டிஎன்ஏயை வெட்டியபடி ஒட்டவிடாமல் செய்கிறது, அதோடு கடுமையான ஒட்சிசன் வடிவங்களையும் பிறப்பிக்கிறது. சைக்ளோபொஸ்பமைட்டின் கதை இன்னும் சுவையானது. அது ஈரலில் மாறி, கலத்தைக் கொல்லும் பொருளாகிறது. அல்டிகைட்டு டிஹைட்ரோஜனேஸ் என்ற நொதியம் அதை வழியிலேயே செயலிழக்க வைக்கும். நம் எலும்பு மச்சையின் மூலக் கலங்களில் அந்த நொதியம் நிறைய. அதனால்தான் வெள்ளை அணுக்கள் விழுந்தாலும் மூன்றாவது கிழமைக்குள் எழும்பிவிடுகின்றன, அடுத்த ஊசிக்கு அக்கா தயாராகிறார். சில புற்றுக் கலங்களும் இதே நொதியத்தை நிறைய வைத்துக்கொண்டு மருந்துக்குத் தப்புகின்றன. ஆக, இந்த நொதியத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு உரமூட்டினால் எந்தக் கலத்துக்குப் போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? பின்னால் கதிர் சிகிச்சை இருந்தால், அது பெரும்பாலும் ஒட்சிசன் வழியாகத்தான் கொல்கிறது என்பதால் இந்தத் தடை அங்கும் பொருந்தும்.

போத்தலைப் பற்றி இன்னொன்று. எஸ்.ஓ.டி. ஒரு புரதம். விழுங்கினால் பெரும்பாலும் வயிற்றில் முட்டை வெள்ளைக்கரு போலச் செமித்துப்போகும். குளூட்டாதயோனும் பெருமளவு குடலிலேயே உடைந்துவிடும். கொழும்பில் முகம் வெளுக்க என்று அதையே ஊசியாகவும் ஏற்றுகிறார்கள், அக்காவுக்கு யாராவது அந்த யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். உண்மையில் உடம்பில் நன்றாகச் சேர்வது விட்டமின் ஈதான், நான் பயப்படுவதும் அதற்குத்தான்.

இந்த நொதியங்களை மடக்கினால் புற்றுநோயை அடிக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஒன்றில் வெற்றி கிடைத்திருக்கிறது: டிஎன்ஏயில் விழும் கீறல்களை அடைக்க ஓடிவரும் பார்ப் என்ற நொதியம். டிஎன்ஏயைத் திருத்த உதவும் பிஆர்சிஏ மரபணு பழுதான கட்டிக்கு வேறு வழி குறைவு, பார்ப்பையும் அடைத்தால் அது விழுந்துவிடுகிறது. ஒலாபரிப் என்ற மருந்து 2014இல் சூலகப் புற்றுநோய்க்கும் 2018இல் பிஆர்சிஏ பழுதுள்ள பரவிய மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் குடும்பத்தில் அம்மா, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் இருந்திருந்தால் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள், பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை அக்காவுக்குத் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

எல்.டி.எச். 390. இதுவும் ஒரு நொதியம்தான். ஒட்சிசன் போதாதபோது குளுக்கோசை எரிக்கும் பாதையில், இலற்றிக் அமிலம் செய்யும் இறுதி வேலைக்காரர். கட்டிகள் ஒட்சிசன் இருக்கும்போதும் இந்தக் குறுக்குவழியை விரும்புகின்றன என்று ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார். ஆனால் இது சிவப்பணு, தசை, ஈரல் எல்லாவற்றிலும் இருக்கிறது. மெல்லிய நரம்பில் இழுத்து இழுத்து எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலே எண் ஏறும். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தாலும் ஏறும். மார்பகப் புற்றுநோய் திரும்பிவிட்டதா என்று எல்.டி.எச்.சைத் தனியாக வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. அந்த நாளில் ஊசி போட்டார்களா, இரத்தம் எடுக்கக் கஷ்டப்பட்டார்களா என்று ஒரு தாளில் குறித்து ரிப்போர்ட்டோடு கொண்டுபோங்கள். தேவையென்றால் திரும்ப எடுப்பார்கள். இன்று இரவு நித்திரை கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். பருப்புக் கறியில் போடும் மஞ்சள், கரட், செவ்விளநீர், பப்பாசி எதுவும் பிரச்சினையில்லை. மஞ்சளின் சாரத்தைப் பிழிந்து குளிசையாக்கியது வேறு விடயம். குர்குமின், சில மார்பகப் புற்றுநோய் மருந்துகளின் வேலையை மட்டுப்படுத்துவதாக 2002இல் கலங்களிலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். வல்லாரைச் சம்பல் ஆசைப்பட்டால் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும் கிழமையில், இலையை நாலு தண்ணீரில் அலசிச் செய்து கொடுங்கள். கட்டு அனோதா (முள்சீத்தா) இலைக் கசாயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். வேறு எந்தக் குளிசையையும் ஒளிக்காமல் போத்தலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைப்பதுதான் நான் அதிகம் காணும் தொல்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. வீட்டில் வெப்பமானி இருக்கிறதா? கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பரசிட்டமோல் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். நடுச்சாமம் என்றாலும் ஓட்டோவைக் கூப்பிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

அண்ணாவின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்றும் யோசிப்பீர்கள். டொக்டர் கீமோ முடியும்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று என் தலையில் போடுங்கள். ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்று அவர் நின்றால், மெல்லிய பருத்தித் தொப்பி இரண்டும், நல்ல வெப்பமானி ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். கீமோ நாட்களில் விடியவே ஓட்டோ பிடித்து மஹரகமவுக்குப் போகிற செலவையும் அவர் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.